கழுவி வைத்த டை

சோலூர் அம்சவேணிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். மூக்கு நுனியில் இருக்கிற கோபம் ஒரு தும்மலில் போய்விடும். இவளுடைய கோபம் சட்டென்று வராது, வந்தால் லேசில் போகாது. கல்யாணமான புதிதில் மாமியார் மகனுக்குக் கறிக்குழம்பை ஊற்றிவிட்டு இவள் தட்டில் நேற்றைய சோற்றை வைத்தாள். அம்சவேணி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். மறுநாள் வாசலுக்குப் பக்கத்தில் மூன்று கல்லை வைத்துத் தனியாக உலை ஏற்றினாள். இன்றுவரை அந்த வீட்டில் இரண்டு அடுப்புதான். புருஷன் மூர்த்தி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பயந்த சுபாவம். இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போய்விடுவான்.

ஆம்பூரில் பெண்களுக்கான செருப்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் பசை தடவும் மேஜை, பிறகு நூல் வெட்டும் மேஜை. கட்டிங் செக்‌ஷன் ஆம்பளைகளின் இடமாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராகக் கார் கம்பெனி, போன் கம்பெனி என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கிளம்பிப் போக, மெஷின்கள் சும்மா நின்றன. சூப்பர்வைசர் மதியழகன் ஒருநாள் மேஜைப் பக்கம் வந்து, "பொம்பளைங்கள்ல யாராச்சும் மெஷினுக்கு வர்றீங்களா?" என்று கேட்டான். அம்சவேணி எழுந்து நின்றாள். மிச்சமிருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். அந்த சீசன் முடிவதற்குள் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவளிடமே வந்து தோலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

டை என்றால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. செருப்பின் பாகம் எந்த வடிவமோ அந்த வடிவத்துக்கு எஃகுப் பட்டையை வளைத்து, இரண்டு முனையையும் பற்றவைத்த கத்தி, அவ்வளவுதான். மாவில் பிஸ்கட் வெட்டும் அச்சு மாதிரி. தோலை மெஷின் போர்டின் மேல் விரிக்க வேண்டும். தழும்பும் உண்ணிக்கடியும் இல்லாத இடமாகப் பார்த்து டையை வைக்க வேண்டும். மெஷினின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கனத்த இரும்புக் கையை, அதாவது ஆர்மை, இழுத்து டைக்கு நேராக நிறுத்தி, இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒன்றாக அழுத்த வேண்டும். ஆர்ம் இறங்கி டையை அமுக்கும். டக் என்று ஒரு சத்தம், ஒரு பாகம் தயார். பட்டன் ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கையும் பட்டனில் இருந்தால்தான் எந்தக் கையும் ஆர்முக்கு அடியில் இருக்காது.

வம்பு ஒரு புது மாடலில் வந்தது. விரல் அகலம்கூட இல்லாத வார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் செருப்பு அது. அந்த வாருக்கு வந்த டை ஒல்லியாக, நீளமாக, மேல் விளிம்பு கீழ் விளிம்பு இரண்டும் கூராக இருந்தது. ஒரு பக்கமாக வைத்து வெட்டினால் வலது காலுக்கு, திருப்பி வைத்து வெட்டினால் இடது காலுக்கு. இரண்டு டை வாங்க வேண்டிய இடத்தில் ஒன்றே போதும் என்று கம்பெனிக்குச் சந்தோஷம். ஆனால் அது நிற்காது. தோலின் மேல் வைத்துக் கையை எடுத்தால் சாய்ந்து விழும். விழுந்த டையோடு ஆர்ம் இறங்கினால் வார் கோணலாகும், தோல் பாழாகும், திட்டு விழும். ஆர்ம் வந்து தொடும்வரை யாராவது அதை விரலால் பிடித்திருக்க வேண்டும்.

அம்சவேணி முதல் நாளே மதியழகனிடம் போனாள்.

"சார், ரெண்டு வாரையும் பக்கத்துல பக்கத்துல சேத்து ஒரே டையா பண்ணச் சொல்லுங்க. அகலமா இருந்துச்சின்னா அதுவா நிக்கும்."

"சேத்துப் பண்ணா நடுவுல தோல் வேஸ்ட்டாவும்மா."

"எவ்ளோ ஆவப் போவுது?"

"நானா இல்லன்றேன்? மேல கேட்டுப் பாக்கறேன்."

கேட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்தது. "தோல் விக்கிற விலைக்கு முடியாதுன்ட்டாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

அட்ஜஸ்ட் என்றால் என்ன என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. வார் வெட்டும் மெஷின்கள் எல்லாவற்றிலும் இடது பட்டனை அமுக்கி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள். இனி வலது பட்டனை மட்டும் தட்டினால் போதும். இடது கை டையைப் பிடித்துக்கொள்ளலாம். யார் ஒட்டியது என்று யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அம்சவேணி தன் மெஷினில் இருந்த டேப்பைப் பிய்த்துச் சுருட்டிக் கீழே போட்டாள்.

"அம்சா, அப்பறம் பீஸ் எப்பிடி வரும்?" என்றான் மதியழகன்.

"வர்ற வரைக்கும் வரும் சார்."

டையைத் துணியால் முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரண்டு கையாலும் வெட்டினாள். அவள் கணக்கு மற்றவர்களைவிடப் பாதிக்கும் கம்மியாக இருந்தது. இரண்டாம் நாளே அவளை உள்பக்கத் துணி வெட்டும் மெஷினுக்கு மாற்றிவிட்டு, அவள் மெஷினில் சௌமியாவை நிறுத்தினார்கள். காலியாக இருந்த இடது பட்டனில் மறுபடியும் டேப் ஏறியது.

சௌமியா குடியாத்தத்துப் பெண். வீட்டில் லுங்கி நெய்கிற விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தத் தடதட சத்தத்தைக் கேட்டுக் காது செத்துப்போச்சு என்று சொல்லித்தான் கம்பெனி வேலைக்கு வந்தாள். அம்சவேணி டிபன் டப்பாவைத் திறப்பதற்குள் இன்ன குழம்பு என்று மோப்பம் பிடித்துச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அம்சவேணியைக் கண்டு பயமே கிடையாது. "அக்கா, நீ சிரிச்சா அழகாகீற, ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கிண்டல் பண்ணுவாள்.

சாயங்கால டீக்குப் பிறகு அது நடந்தது. கட்டிங் செக்‌ஷனில் நாள் முழுக்க டக் டக் என்ற சத்தம்தான். காது அதைக் கேட்பதையே விட்டுவிடும். அம்சவேணியின் காது திடீரென்று ஒன்றைக் கேட்டது. ஒரு டக் மட்டும் அமுங்கி விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். சௌமியா கத்தவில்லை. யாரோ அவளிடம் புரியாத பாஷையில் ஏதோ சொல்லிவிட்டது போல, தன் இடது கையை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. டையின் மேல் விளிம்பும் கூர்தானே. ஆர்ம் மேலிருந்து விரலை அதன்மீது அமுக்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கூராக இருந்திருந்தால் விரல் நசுங்கியிருக்கும், ஆனால் கையோடு இருந்திருக்கும்.

கம்பெனி வேனில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அம்சவேணி தன் துப்பட்டாவைக் கிழித்து அந்தக் கையைச் சுற்றி, வழியெல்லாம் மடியில் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி.

"விரல் எங்க?"

அம்சவேணி வெளியே ஓடினாள். மதியழகனுக்குப் போன் பண்ணினாள். "தேடச் சொல்றேன்" என்றான். அவன் திரும்பக் கூப்பிட்டபோது குரல் உள்ளே போயிருந்தது. மெஷினைச் சுத்தம் பண்ணச் சொன்ன அவசரத்தில், வெட்டுத்தோலோடு சேர்த்து எல்லாவற்றையும் கூடையில் பெருக்கிப் போட்டுவிட்டார்களாம். கூடை தோல் துண்டு ஏற்றுகிற வண்டியில் போய்விட்டதாம்.

சௌமியாவின் அம்மா வந்து தலையில் அடித்துக்கொண்டு, "தலையெழுத்தும்மா, எம் பொண்ணு தலையெழுத்து" என்று அழுதாள். அம்சவேணி அவளைப் பிடித்து உலுக்கினாள். "தலையெழுத்துன்னு சொல்லாத! டேப்பு ஒட்டுனது தலையெழுத்தா? பெருக்கிப் போட்டது தலையெழுத்தா?" பெற்றவள் பயந்து ஒதுங்கி நின்றாள். அந்த நேரத்தில் அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்தான். ஆனால் அங்கே கோபப்பட வேறு யாரும் கைக்கு எட்டவில்லை.

மறுநாள் காலை அம்சவேணி வேலைக்குப் போனாள். கட்டிங் செக்‌ஷனில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சௌமியா நின்ற மெஷினின் போர்டு துடைத்து வெளுப்பாக இருந்தது. இடது பட்டனில் புது டேப். பக்கத்து ஸ்டாண்டில், ஈரம்கூடச் சரியாகக் காயாமல், அதே டை தொங்கியது.

"அம்சா, நீ பழைய மெஷினுக்கே வந்துடு" என்றான் மதியழகன், அவள் முகத்தைப் பார்க்காமல். "கன்டெய்னர் போவணும், வேற ஆளு இல்ல."

அவள் டையைக் கையில் எடுத்தாள். சோப்பு வாசனை அடித்தது.

"இத யாரு கழுவுனது?"

மறுபடியும் சத்தமாகக் கேட்டாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெருக்குகிற அம்மா மூலையில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னக் கேக்கலம்மா. கழுவச் சொன்னவன் யாரு? கழுவி மாட்டி, இன்னைக்கே இன்னொருத்திய நிக்க வெக்கலாம்னு நெனச்சவன் யாரு?"

நேராக மேனேஜர் ராஜகோபால் அறைக்குள் போய், மேஜை மேல் டையை வைத்தாள். அவர் நல்ல மனுஷர் என்றுதான் பெயர். தீபாவளிக்கு எல்லாரிடமும் வந்து கைகூப்புவார். நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"எங்களுக்கும் வருத்தம்தாம்மா. ஆஸ்பத்திரி செலவெல்லாம் பாத்துக்கறோம். ஆனா வேலை செய்றவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும் இல்ல? அந்தப் பொண்ணே டேப்ப ஒட்டிக்கிச்சுன்னு சொல்றாங்க. நீ பக்கத்துல இருந்தவ. விசாரணையில அதச் சொன்னா, விஷயம் சுமுகமா முடிஞ்சிடும்."

"அது ஒட்டுச்சா?"

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"அப்ப மத்த மெஷின்லல்லாம் யாரு ஒட்டுனது சார்? ராத்திரி சௌமியா வந்து ஒண்ணொண்ணா ஒட்டிட்டுப் போச்சா? ரெண்டு வாரையும் சேத்து டை பண்ணுங்கன்னு கேட்டேன். தோல் வேஸ்ட்டாவும்னீங்க. செத்த ஆட்டுத் தோலுல ஒரு கீத்து வேஸ்ட்டாவக் கூடாது. உசுரோட இருக்கிற பொண்ணு கையில ரெண்டு விரலு போவலாமா? அதையும் பெருக்கித் தோலு கூடையிலயே போட்டீங்களே!"

"கொரல ஏத்தாதம்மா."

"ஏத்துவேன். நான் பேசறது இந்த ரூமுக்கு மட்டும் இல்ல."

டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். வாசலில் செக்யூரிட்டி பையைக் காட்டச் சொன்னான். "கம்பெனி சாமான்தான் எடுத்துட்டுப் போறேன். எழுதிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் சர்தார் பாஷாவின் டை பட்டறை. ஊரில் பாதிக் கம்பெனிக்கு அவர்தான் டை செய்கிறவர். உள்ளே எஃகுப் பட்டைச் சுருள்கள், பட்டையை வளைக்கும் மெஷின், வெல்டிங் புகை. பாஷா, டைக்கு அளவான வடிவ அட்டை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சவேணி டையை அவர் முன்னால் போட்டாள்.

"இது நீங்க செஞ்சதா பாய்?"

எடுத்துப் பார்த்தார். பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "நம்மள்துதான். ஏம்மா?"

சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவர் அதைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் கூர் வேணாம், நிக்காதுன்னு நான் சொன்னேம்மா. அவுங்க கேக்கல."

"சொன்னீங்க. அப்பறம் செஞ்சீங்க."

பாஷா டையை மறுபடியும் கையில் எடுத்தார். அவர் செய்யாவிட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொருவர் செய்திருப்பார் என்பது இருவருக்குமே தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அம்சவேணிக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வரக் காரணமாக இருந்தது.

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"வெட்டிப் போடுங்க. இது இன்னொரு தடவ தோலு மேல உக்காரக் கூடாது."

பாஷா டையைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, கிரைண்டரை எடுத்தார். தீப்பொறி பறந்தது. துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தார். கடைசித் துண்டு விழும்வரை அம்சவேணி நின்று பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, எப்போதும் வாய் திறக்காத மூர்த்தி வாயைத் திறந்தான்.

"அறுத்துட்டியா? பைத்தியமா உனக்கு? நம்ம கையில இருந்த சாட்சி அது ஒண்ணுதான். அத வெச்சிருந்தா நாளைக்கு ஆபீசர் யாராச்சும் வந்தா காட்டியிருக்கலாமே!"

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். கோபத்தில் தன் கையாலேயே சாட்சியை ஒழித்துவிட்டாள். தன்மேலேயே வந்த கோபத்தில் அன்று அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. மாமியார்தான் தன் அடுப்பிலிருந்து ஒரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கம்பெனி வாசலில் அவளை உள்ளே விடவில்லை. சாமான் திருட்டு என்றார்கள். எதிரே டீக்கடையில் போய் நின்றாள். உள்ளே போன கட்டிங் செக்‌ஷன்காரர்கள் மெஷினைப் போடாமல் நிற்கிறார்கள் என்று டீக்கடைக்காரன் வந்து சொன்னான். அம்சவேணி ரோட்டுக்கே வந்து நின்றாள். டீ வேளை வரை நின்றார்கள். பிறகு ராஜகோபாலே இறங்கி வந்து பேசினாராம். டேப்பை எடுத்துவிடுவதாகவும், வாரைச் சேர்த்து வெட்டுகிற அகலமான டைக்கு ஆர்டர் கொடுப்பதாகவும் வாக்குக் கொடுத்தாராம். மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அந்த டக் டக் சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது. கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அம்சவேணியை உள்ளே விடுங்கள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி அந்த வாரக் கடைசியில் விழுந்தது. டேப்பை நான்தான் ஒட்டினேன் என்று சௌமியாவே விசாரணையில் சொல்லிவிட்டாள்.

அம்சவேணி குடியாத்தத்துக்குப் பஸ் ஏறினாள். வீட்டுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது. பேசுவதென்றால் கத்திப் பேச வேண்டும். சௌமியா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏண்டி அப்பிடிச் சொன்ன? நீயா ஒட்டுன?"

"இல்லக்கா."

"பின்ன?"

"செக்கிங்ல வேல தர்றேன்னாங்க. பர்மனென்ட்டா."

"அவுங்க போட்ட பிச்சைக்கு நீ பழிய ஏத்துக்குவியா? உனக்காக நான் வாசல்ல நின்னுட்டுகீறன்! உனக்குச் சூடு சொரண இல்லையா?"

சௌமியா எழுந்து போய்த் தறியை நிறுத்தச் சொன்னாள். வீடு திடீரென்று நிசப்தமானது. அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"உனக்குக் கோவப்பட ரெண்டு கை இருக்குதுக்கா. நான் இந்தக் கைய வெச்சிகிட்டு வேற எந்தக் கம்பெனிக்குப் போவேன்? தறியில நூல் முடி போடக்கூட இது ஆவாது. நீ எனக்காக நின்ன. நான் இல்லன்னு சொல்லல. ஆனா நிக்கச் சொல்லி நான் கேட்டனா?"

 சௌமியாவின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்சவேணி வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லையா என்று கேட்டதற்கு, ஊர் வரும்வரை அவனோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தாள்.

ஆனாலும் அவள் சும்மா இருக்கவில்லை. மூர்த்தியின் லோடு ஆட்டோவில் ஏறி, தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அரசு அலுவலகத்துக்குப் போய், சௌமியாவின் பெயரை எடுக்காமல், டேப்பைப் பற்றியும் டையைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தாள். கேட்டுக்கொண்ட ஆபீசர் தலையாட்டினார். அதனால்தானா, இல்லை அந்தச் சமயத்தில் செருப்பு வாங்கும் வெளிநாட்டு வியாபாரிகள் பார்வையிட வந்ததாலா தெரியாது, ஆவணி மாதத்துக்குள் அந்தக் கம்பெனியில் மெஷின்களுக்கு ஒயரிங் மாற்றினார்கள். இப்போது இரண்டு பட்டனையும் விட்டு, மறுபடி இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் ஆர்ம் இறங்கும். எவ்வளவு டேப் ஒட்டினாலும் மெஷின் அசையாது. அந்த மெஷின்களில் அதற்குப் பிறகு யாருக்கும் விரல் போகவில்லை. செய்தியைக் கேட்டு அம்சவேணி சந்தோஷப்படுவாள் என்று மூர்த்தி நினைத்தான். "ஒரு நாள் வேலதான அது? ஒயர மாத்தறது? அத மொதல்லயே பண்ணா இன்னா?" என்று அவனிடமே பாய்ந்தாள்.

வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். பெயரைச் சொன்னதும் ஆள் தேவையில்லை என்றார்கள். கடைசியில் பாஷாவே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இப்போது அவள் அந்தப் பட்டறையில்தான் இருக்கிறாள். எஃகுப் பட்டையை வடிவ அட்டைக்குச் சரியாக வளைக்கிறாள். வெல்டிங் மட்டும் இன்னும் பாஷா கையில்தான். ஆளைக் காவு வாங்குகிற வடிவ அட்டை எது வந்தாலும், வந்தவர் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறாள். சில பேர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார்கள். பாஷா பெருமூச்சு விடுவார். "பேஜார் புடிச்ச பொம்பள" என்று முணுமுணுப்பார். வேலையை விட்டுப் போ என்று சொன்னதில்லை.

சௌமியா செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது பார்த்துக்கொண்டால் இருவரும் நின்று பேசுவார்கள். என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல் என்கிற பேச்சுதான். மற்றதைத் தொடுவதில்லை.

போன மாதம் மதியழகன் ஒரு டையை வாங்கிப்போகப் பட்டறைக்கு வந்தான். பாஷா தொழுகைக்குப் போயிருந்தார். அம்சவேணி டையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

"இன்னும் கோவமா அம்சா?"

"ஆமா சார்" என்றாள். "உங்களுக்கு இல்லையா?"

மதியழகன் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை பைக்கின் பக்கப் பையில் வைத்து, கிக்கரை உதைத்தான். வண்டி உடனே கிளம்பவில்லை. அவன் மறுபடியும் மறுபடியும் உதைத்துக்கொண்டிருக்க, அம்சவேணி அடுத்த பட்டையை எடுத்து மெஷினில் மாட்டினாள்.